ஆலை நின்றது... ஓசை நிற்கவில்லை!

மூடிய தொழிற்சாலைகளின் வாரிசாக வளர்ந்த ‘இண்டஸ்ட்ரியல் டெக்னோ’ இசையில் இப்போது என்ன நடக்கிறது? பர்மிங்காமில் தொடங்கி பெர்லின் வழியாக ஒரு சத்தமான பயணம்!

1965-ம் ஆண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு அன்றுதான் கடைசி நாள். இசைக்குழு ஒன்றோடு கிடார் வாசிக்க ஐரோப்பா போவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். வழக்கமாக பிரஸ் மெஷினில் நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த மெஷினில் பையனை நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று.

அவன் இடது கைப் பழக்கக்காரன். கிடாரில் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்துகொண்டான். வலிக்காமல் அழுத்த மெல்லிய தந்திகளைப் போட்டான். பிறகு அவற்றைத் தளர்த்தியும் கட்டினான். கிடாரின் குரல் கனத்து, அடித்தொண்டைக்கு இறங்கியது. அவன்தான் டோனி அயோமி. 1970-ல் வெளிவந்த ‘பிளாக் சாபத்’ குழுவின் முதல் ஆல்பத்தோடு ‘ஹெவி மெட்டல்’ பிறந்தது என்பார்கள்.

இந்தக் கட்டுரை ஹெவி மெட்டலைப் பற்றியதில்லை. ஆனால், ஒரு மெஷின் ஒரு நகரத்தின் இசைக்குள் எப்படிப் புகுந்தது என்பதற்கு அந்த இரண்டு விரல்களைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. அதே பர்மிங்காமில் 30 ஆண்டுகள் கழித்து இன்னொரு இசை கிளம்பியது. அதில் கிடார் இல்லை, பாடகர் இல்லை, பெரும்பாலும் மெட்டுகூட இல்லை. மெஷின் மட்டும்தான்!

ஒரு அடியின் உடற்கூறு

இண்டஸ்ட்ரியல் டெக்னோவை முதல்முறை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். “மோட்டார் ஓடிட்டே இருக்கே, யாரும் நிறுத்தலையா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். கேட்டவர் மேல் தப்பில்லை. இந்த இசையின் லட்சியமே அதுதான்.

இதன் முதுகெலும்பு ஒரே ஒரு அடி. ‘கிக்’ என்பார்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் ‘டி.ஆர்.-808’, 1983-ல் ‘டி.ஆர்.-909’ என்று இரண்டு தாளப் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று அவை சந்தையில் சோபிக்கவில்லை. செகண்ட் ஹாண்டில் மலிவாக வந்தபோதுதான் கையில் காசில்லாத இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தன. 909-ன் கிக் என்பது ஒரு மின் அலை. மேலே தொடங்கிச் சட்டென்று கீழே சரிந்து, அரை நொடிக்குள் அடங்கிவிடும். ‘தொம்’. அவ்வளவுதான்.

இண்டஸ்ட்ரியல்காரர்கள் அந்த ‘தொம்’மை அப்படியே விட்டுவைப்பதில்லை. முதலில் மிக்ஸரில் அதன் அளவை எல்லைக்கு மேல் ஏற்றுவார்கள். அலையின் உருண்ட தலை, புல்டோசர் ஏறிய மண்மேடு போல மழுங்கிவிடும். மழுங்கிய இடத்திலிருந்து புதிய உபஸ்வரங்கள் கிளம்பும். காதுக்கு அது கரகரப்பாக, இரும்பு உரசுவது போலக் கேட்கும். அடுத்து, அதே அடியின் நகல் ஒன்றை எதிரொலிக் கருவிக்கு அனுப்புவார்கள். ஒரு பெரிய கூடத்தில் அடித்தது போல அது நீளும். அந்த எதிரொலியையும் நசுக்கி, மேல் ஸ்தாயியை வடிகட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஓர் உறுமல். ‘ரம்பிள்’ என்று அதற்குப் பெயர். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், தரைக்கு அடியில் ஏதோ பெரிய சக்கரம் சுற்றுவது போல இருக்கும்.

நிமிடத்துக்கு 135 அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 8,100 அடிகள். ஒன்றுகூடப் பிசகாது. பவர்லூம் ஓடும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதன் மயக்கம் எளிதில் புரியும். முதல் பத்து நிமிடம் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்தே தாளங்கள் முளைக்கும். அடி மாறாமல் இருப்பதால்தான் அதைச் சுற்றி நடக்கும் கடுகளவு மாற்றமும் காதில் படுகிறது.

பட்டறையில் பிறந்த பரம்பரை

மேத்யூ போல்ட்டனும் ஜேம்ஸ் வாட்டும் 1775-ல் கூட்டுச் சேர்ந்து நீராவி இயந்திரத் தொழிலை நடத்திய ஊர் பர்மிங்காம். ‘ஆயிரம் தொழில்களின் நகரம்’ என்பது அதன் பட்டப்பெயர். 1980-களில் அந்தத் தொழில்கள் வரிசையாகப் படுத்தன. 2005-ல் லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலையும் மூடப்பட, சுமார் 6,000 பேர் வேலையிழந்தார்கள்.

ஆலைகள் அடங்க அடங்க, இசை சத்தம் கூடியது. பர்மிங்காம் வட்டாரத்து ‘நேபாம் டெத்’ குழு 1987-ல் ‘ஸ்கம்’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒரு பாட்டு சுமார் ஒன்றேகால் நொடிதான். உலகின் மிகக் குட்டிப் பாட்டு என்று கின்னஸ் ஏறியது. அதில் கிடார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக், அடுத்த ஆண்டே ‘காட்ஃப்ளெஷ்’ குழுவைத் தொடங்கினார். டிரம்ஸ் வாசிக்க ஆள் வைக்கவில்லை, மெஷினை வைத்தார். அதே ‘ஸ்கம்’மில் டிரம்ஸ் அடித்த மிக் ஹாரிஸ், சொந்தமாக ஒரு ஸ்டூடியோ போட்டார். அந்த ஸ்டூடியோவில் பதிவான ஒரு இசைத்தட்டு 1994-ல் ‘டவுன்வர்ட்ஸ்’ என்ற சின்ன நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. இசையமைத்தவர் ஆண்டனி சைல்ட். தட்டின் மேல் இருந்த பெயர், ‘சர்ஜன்’.

டவுன்வர்ட்ஸை 1993-ல் தொடங்கியவர்களில் ஒருவர் கார்ல் ஓ’கானர். மேடைப்பெயர் ‘ரீஜிஸ்’. இந்த இருவரும்தான் ‘பர்மிங்காம் சவுண்ட்’ என்று உலகம் இன்று சொல்லும் பாணியின் தூண்கள். சதை இல்லாத, எலும்பு மட்டுமான, வேகமான டெக்னோ. அயோமியின் விரலைத் தின்ற பிரஸ் மெஷினின் தாளத்துக்கு இவர்கள் பேரப்பிள்ளைகள் என்றால் மிகையில்லை.

‘இண்டஸ்ட்ரியல்’ என்ற சொல் இவர்களுக்கும் மூத்தது. லண்டனில் ‘த்ராபிங் கிரிஸ்டில்’ என்ற நால்வர் குழு 1976-ல் ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. 1980-ல் மேற்கு பெர்லினில் ‘ஐன்ஸ்ட்யுர்ட்ஸெண்டெ நொய்பாவ்டென்’ குழு இரும்புத் தகடு, சுத்தியல், டிரில்லிங் மெஷின் என்று கிடைத்ததையெல்லாம் மேடையேற்றியது. பெயருக்கு அர்த்தம் ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’. அந்தப் பெயரில் மேடையேறிய சில வாரங்களிலேயே, அதே ஆண்டு மே 21 அன்று, பெர்லினின் காங்கிரஸ் மண்டபத்துக் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்தது!

புது வரவுகள்: கிழவர்களின் துள்ளல்

சமீபத்திய ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இந்த வகையில் இப்போது துணிச்சலாக இருப்பவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

சர்ஜன் 1990-களின் கடைசியில் பெர்லினின் ‘டிரெசோர்’ நிறுவனத்துக்காக மூன்று ஆல்பங்கள் செய்தார். மூன்றாவது வந்தது 1999-ல். பிறகு 24 ஆண்டுகள் கழித்து, 2023-ல் அதே நிறுவனத்தில் ‘கிராஷ் ரீகாயில்’. பொதுவாக ஸ்டூடியோவில் செய்ததைத்தான் மேடையில் வாசிப்பார்கள். இவர் தலைகீழாகச் செய்தார். மேடைக் கச்சேரிகளில் கூட்டத்தின் முன் உருட்டி உருட்டி உருவான தடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பதிவு செய்தார். அதனால்தான் அந்த ஆல்பத்தில் மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது. 2025-ல் வந்த ‘ஷெல்~வேவ்’ அதன் அடுத்த படி. இன்னும் இறுக்கம், இன்னும் குறைந்த சரக்கு. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு ‘கிராஷ் ரீகாயி’லுக்கு.

சர்ஜனும் ரீஜிஸும் சேர்ந்து ‘பிரிட்டிஷ் மர்டர் பாய்ஸ்’ என்ற பெயரில் 2000-களின் தொடக்கத்திலிருந்து இசைத்தட்டுகள் போட்டு வருகிறார்கள். முழு ஆல்பம் என்று ஒன்று வந்தது 2024-ல்தான்: ‘ஆக்டிவ் ஏஜென்ட்ஸ் அண்ட் ஹவுஸ் பாய்ஸ்’. மெருகு போடாத, பிசிறு தட்டிய இசை. காதுக்கு இதம் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சாண்ட்வெல் என்பது பர்மிங்காமை ஒட்டிய வட்டாரம். ‘சாண்ட்வெல் டிஸ்ட்ரிக்ட்’ என்ற பெயரில் ரீஜிஸும் அமெரிக்கக் கலைஞர்கள் சிலரும் சேர்ந்து 2010-ல் செய்த ‘ஃபீட் ஃபார்வர்ட்’ ஆல்பத்தை இந்தத் துறையில் பலரும் பாடநூலாகவே வைத்திருக்கிறார்கள். குழு கலைந்து, மீண்டும் கூடியது. இடையில் 2024 ஜனவரியில் குழுவின் முக்கியக் கலைஞரான ‘சைலன்ட் சர்வன்ட்’ இறந்துபோனார். அடுத்த ஆண்டு ‘எண்ட் பிகினிங்ஸ்’ வெளிவந்தது. இழவு வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள் இல்லையா? அந்த அடக்கம் இதில் இருக்கிறது. வகையிலேயே மென்மையான ஆல்பம். புதியவர்கள் இங்கே தொடங்கலாம்.

இளையவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால், ‘பிளாவன்’. ஊர், யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லி. 1984-85 நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட ஊர். 2025-ல் வந்த அவரது ‘சிக் எலிக்ஸிர்’ ஆல்பத்தில் டெக்னோவின் நேர்கோட்டு அடியே உடைந்து கிடக்கிறது. ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டு, திரும்பச் சேர்க்கும்போது நான்கு போல்ட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டது போல. நடுநடுவே சிதைந்த மனிதக் குரல். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் அது பாட்டு என்றே பிடிபடும்.

பெட்டக அறையிலிருந்து மின் நிலையத்துக்கு

டெக்னோவின் தாய்வீடு அமெரிக்காவின் டெட்ராய்ட். கார்களின் தலைநகரம். 1950-ல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த ஊரில், 2020-ல் 6.4 லட்சம் பேர்தான் மிச்சம். கார் கம்பெனிகள் போன பிறகு அங்கே மிஞ்சிய கறுப்பின இளைஞர்கள் தாளப் பெட்டிகளை வைத்துச் செய்த இசைக்கு, 1988-ல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பு ஆல்பம் ‘டெக்னோ’ என்ற பெயரை நிலைக்கச் செய்தது.

மறு ஆண்டு பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்கே கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களுக்குள் இளைஞர்கள் ஸ்பீக்கரோடு நுழைந்தார்கள். 1991-ல் ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நிலவறைப் பெட்டகத்தில், துருப்பிடித்த லாக்கர்களுக்கு நடுவே ‘டிரெசோர்’ கிளப் திறந்தது. ஜெர்மன் மொழியில் டிரெசோர் என்றாலே பெட்டகம். அதன் இசை நிறுவனம் போட்ட முதல் தட்டே டெட்ராய்ட்காரர்களுடையது. மனை வியாபாரிகள் கையில் அந்த இடம் சிக்க, 2005-ல் கிளப் காலி செய்தது. 2007-ல் மீண்டும் திறந்தது எங்கே தெரியுமா? கைவிடப்பட்ட ஒரு மின் நிலையத்தில்! 2004-ல் தொடங்கிய புகழ்பெற்ற ‘பெர்க்ஹைன்’ கிளப்பும் ஒரு பழைய மின் நிலையம்தான். அதன் நடனக் கூடத்துக்குச் சுமார் 18 மீட்டர் உயரம்.

கிக்கின் நகலை எதிரொலிக் கருவிக்கு அனுப்புவார்கள் என்று மேலே சொன்னோமே, அந்த எதிரொலி உண்மையில் இப்படிப்பட்ட கூடங்களின் எதிரொலி. இசை கட்டடத்துக்குள் போனது. கட்டடம் இசைக்குள் வந்தது.

இதை எல்லோரும் கலை என்று ஒப்புக்கொண்டார்களா? 2016-ல் ஜெர்மனியின் வரி நீதிமன்றம் ஒன்று, பெர்க்ஹைனில் நடப்பது வெறும் கேளிக்கை இல்லை, கச்சேரிக்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. 19 சதவிகித வரி 7 ஆனது. 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் மரபுக் கலைகளின் தேசியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அணு உலையும் அகமதாபாத்தும்

கட்டடத்தையே வாத்தியமாக்கிய குழு, பிரிஸ்டல் நகரத்து இருவர் அணியான ‘எம்ப்டிசெட்’. 2013-ல் வந்த ‘மெட்டீரியல்’ என்ற அவர்களது தட்டுக்காக வேல்ஸில் உள்ள டிராஸ்வினித் அணுமின் நிலையத்துக்குள் போனார்கள். உற்பத்தி நின்றுபோன நிலையம் அது. உள்ளே பெரிய ஸ்பீக்கர்களை வைத்து ஒலிகளைப் பாய்ச்சி, சுவர்களும் இரும்பும் அதற்குத் திருப்பிக் கொடுத்த பதிலைப் பதிவு செய்தார்கள். கேட்டால், காங்கிரீட் முனகுவது போல இருக்கும்.

இந்த எம்ப்டிசெட் இருவரில் ஒருவரான பால் பர்கஸ்தான் நம் நாட்டின் ஒரு புதையலையும் எடுத்துக் கொடுத்தார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-ல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடரின் துணையோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. மூக் சிந்தசைஸர் வந்திறங்கியது. கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியோர் அங்கே பரிசோதனை செய்தார்கள். 1972-க்குப் பிறகு அந்த டேப்புகள் ஆவண அறையில் தூங்கின. பர்கஸ் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். 2023-ல் ‘தி என்.ஐ.டி. டேப்ஸ்’ என்ற பெயரில் அவை ஆல்பமாக வெளிவந்தன. டெக்னோ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, இந்தியக் கைகள் மின்னணு ஒலியைப் பிசைந்துகொண்டிருந்ததற்கான ஆதாரம் அது.

தமிழுக்கும் இதில் ஒரு நேரடி வாசல் உண்டு. துனீசிய இசையமைப்பாளர் சோஃபியான் பென் யூசெஃப், ‘அம்மார் 808’ என்ற பெயரில் இயங்குபவர். பெயரிலேயே அந்த ரோலண்ட் பெட்டி இருக்கிறது. சென்னைக்கு வந்து இங்குள்ள பாடகர்களோடும் தாளக் கலைஞர்களோடும் பதிவு செய்த ‘குளோபல் கன்ட்ரோல் / இன்விசிபிள் இன்வேஷன்’ ஆல்பத்தை 2020-ல் வெளியிட்டார். ‘ஏய் பாவி’ என்றே ஒரு தடத்துக்குப் பெயர். இதை இண்டஸ்ட்ரியல் என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் பக்கத்து வீடுதான். சுவர் அதிர்வது கேட்கும்.

காதும் கண்ணியமும்

புகழ் மட்டும் பாடினால் கட்டுரை விளம்பரமாகிவிடும். இந்த வகை தொடக்கத்திலிருந்தே சீருடை, ராணுவச் சின்னம், வன்முறைப் படிமம் என்று விளையாடி வந்திருக்கிறது. கேள்வி கேட்பதற்காகத்தான் காட்டினோம் என்று கலைஞர்கள் சொல்லலாம். கேட்பவர்களில் சிலர் அதைக் கொண்டாட்டமாகவே எடுத்துக்கொண்டதும் நடந்திருக்கிறது. ஆண்களின் கூடாரமாகவும் நெடுநாள் இருந்தது. பர்மிங்காமைச் சேர்ந்த டி.ஜே. ரெபெக்கா, மின்னணு இசை உலகில் நடக்கும் பாலியல் சீண்டல்களுக்கு எதிராக 2020-ல் ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. த்ராபிங் கிரிஸ்டிலின் கோஸி ஃபானி டுட்டி, 70 வயதைத் தாண்டிய பிறகு 2025-ல் ‘டு டி டு’ என்ற தனி ஆல்பம் போட்டிருக்கிறார். இந்த வகைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒரு பெண்ணும் உண்டு என்பதை மறந்தவர்களுக்கு அது நல்ல நினைவூட்டல்.

இன்னொன்று, காது. இந்தியத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட ஓசை அளவு 90 டெசிபல். கச்சேரி அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வைத்த உச்சவரம்பு, சராசரியாக 100 டெசிபல். அன்று சம்பளத்துக்காகத் தொழிலாளி சகித்த சத்தத்தை இன்று நாம் டிக்கெட் வாங்கிக் கேட்கிறோம். அவருக்குக் காதடைப்பான் கொடுக்க ஆளில்லை. நமக்குக் கடையில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

எங்கே கேட்பது?

சினிமா வழியாக நுழைவது சுலபம். மொராக்கோ பாலைவனத்தில் நடக்கும் ஒரு ரேவ் கொண்டாட்டத்தில் தொடங்கும் ‘சிராத்’ படம் 2025 கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. பெர்லினில் இயங்கும் ‘காங்டிங் ரே’ அதற்கு இசை. அதே ஆண்டு வந்த ‘டிரான்: ஏரீஸ்’ ஹாலிவுட் படத்துக்கு இசை, இண்டஸ்ட்ரியல் ராக்கின் ஜாம்பவான்களான ‘நைன் இன்ச் நெயில்ஸ்’.

ஆல்பங்களை வாங்க ‘பேண்ட்கேம்ப்’ தளம்தான் இந்த உலகின் சந்தை. டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவிகிதம் எடுத்துக்கொள்ளும். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். 2022-ல் ஒரு கேமிங் நிறுவனம் தளத்தை வாங்கியது. மறு ஆண்டே வேறு கைக்கு மாற்றிவிட்டது. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. ஆலை மூடிய கதையைப் பாடும் இசை விற்கும் இடத்திலேயே ஆட்குறைப்பு!

ஒரு யோசனை. இன்று இரவு வீடு அடங்கிய பிறகு ‘எண்ட் பிகினிங்ஸ்’ ஆல்பத்தை ஹெட்போனில், ஒலியைப் பாதிக்குமேல் ஏற்றாமல் கேளுங்கள். பிடித்தால் மறுநாள் ‘கிராஷ் ரீகாயில்’. பத்து நிமிடம் பொறுத்தும் மோட்டார் சத்தமாகவே கேட்டால் நிறுத்திவிடுங்கள், குற்றமில்லை. பிடித்துப்போனால் மட்டும் ஒரு வேண்டுகோள்: காசு கொடுத்து வாங்குங்கள். பெரும்பாலும் சில நூறு பேர் வாங்குவதை நம்பித்தான் இந்தப் பட்டறைகள் ஓடுகின்றன.